பின்சீட்டில் தூக்கிப் போடுதா? காயில்ஓவர் ஷாக்கைத் திருகும் முன் இதைப் படிங்க!

பௌர்ணமி என்றால் திருவண்ணாமலை கிரிவலம். அமாவாசை என்றால் மேல்மலையனூர் அங்காளம்மன் ஊஞ்சல் உற்சவம். மாதத்தில் இந்த இரண்டு நாளும் செஞ்சி வழியாகப் போகிற கார்களில் காலி இடத்தைப் பார்ப்பது அபூர்வம். 2025 ஜூலையில் யுனெஸ்கோவின் உலகப் பாரம்பரியப் பட்டியலில் சேர்ந்த செஞ்சிக் கோட்டையைப் பார்க்க வரும் வெளியூர் கார்களுக்கும் இதே சாலைகள்தான்.

இப்படி ஆளும் மூட்டையுமாகப் போகும்போது பின்சீட்டிலிருந்து தவறாமல் ஒரு குரல் வரும்: "பின்னாடி ரொம்பத் தூக்கிப் போடுதுப்பா, கொஞ்சம் மெதுவா போயேன்."

இதற்குக் கார் பிரியர்கள் மத்தியில் இப்போது அதிகம் அடிபடுகிற பெயர் 'காயில்ஓவர்'. கையால் திருகி டைட்டாகவும் லூஸாகவும் வைத்துக்கொள்ளக்கூடிய சஸ்பென்ஷன். நல்ல பொருள்தான். ஆனால் மாட்டியதும் நிறைய பேர் செய்கிற முதல் வேலை, "ஆள் ஏறினா இறங்கக் கூடாது" என்று பின்பக்கத் திருகை முழுக்க டைட் வைப்பது. இது பலன் தராது என்பதோடு, சில நேரங்களில் ஆபத்தாகவும் முடியும். ஏன் என்று பார்ப்போம்.

காயில்ஓவர் என்றால் என்ன?

இதற்குக் காரைத் தேடிப் போக வேண்டாம். வாசலில் நிற்கிற பைக்கின் பின்சக்கரத்தைப் பாருங்கள். நடுவில் ஒரு குழாய், அதைச் சுற்றி ஒரு சுருள் ஸ்பிரிங். குழாய்தான் டேம்பர், நாம் 'ஷாக் அப்சர்' என்று சொல்வது. சுருள் அதன் மேலேயே உட்கார்ந்திருக்கிறது. காயில் ஓவர் டேம்பர் என்பதைத்தான் சுருக்கிக் காயில்ஓவர் என்கிறார்கள்.

அந்த பைக் ஷாக்கின் ஓரத்தில் படிப்படியாக வெட்டிய ஒரு வளையம் இருக்கும். ஸ்ப்ளெண்டரில் இதற்கு 5 படிகள். மனைவி, பிள்ளை, மூட்டையோடு ஊருக்குக் கிளம்பும்போது "அண்ணே, பின்னாடி ஒரு ஸ்டெப் ஏத்தி விடுங்க" என்று மெக்கானிக்கிடம் சொல்வோமே, அந்தப் படிதான். அவர் சி-ஸ்பானரை மாட்டி ஒரு இழு இழுப்பார். வண்டியின் பின்பக்கம் கொஞ்சம் நிமிர்ந்துகொள்ளும்.

குழப்பம் இங்கேதான் ஆரம்பிக்கிறது. பைக்கில் ஏற்றிய அந்த ஸ்டெப், ஸ்பிரிங்குக்கான அட்ஜஸ்ட்மென்ட். காரின் காயில்ஓவரில் 'டிக், டிக்' என்று சுற்றுகிற திருகு, டேம்பருக்கான அட்ஜஸ்ட்மென்ட். இரண்டும் வேறு வேறு வேலை. பைக் அனுபவத்தை வைத்து கார் திருகைச் சுற்றினால் எதிர்பார்த்தது நடக்காது.

எடையைத் தாங்குவது எது, ஆட்டத்தை அடக்குவது எது?

ஒரே வரியில் சொன்னால், ஸ்பிரிங் எடையைத் தாங்கும். டேம்பர் ஆட்டத்தை அடக்கும்.

டேம்பருக்குள் எண்ணெய் இருக்கிறது. அதில் ஒரு பிஸ்டன் மேலும் கீழும் போய் வருகிறது. பிஸ்டனில் உள்ள சின்னச் சின்ன துளைகள் வழியாக எண்ணெய் பிதுங்கிப் போக வேண்டும். அந்தத் தடைதான் சக்கரத்தின் ஆட்டத்தை மெதுவாக்குகிறது. ஆட்டத்தின் சக்தி சூடாக மாறிவிடுகிறது. திருகைச் சுற்றும்போது உள்ளே ஓர் ஊசி வால்வு எண்ணெய் போகும் வழியைக் கூட்டும் அல்லது குறைக்கும். டேம்பர் செய்கிற வேலை இவ்வளவுதான். வண்டி அசையாமல் நிற்கும்போது எண்ணெய் ஓடாது. அதனால் டேம்பருக்கும் அப்போது வேலை இல்லை.

ஒரு சின்னக் கணக்கு போடலாம். பின்சீட்டில் சராசரி 65 கிலோ எடையில் மூன்று பேர். அதுவே 195 கிலோ. டிக்கியில் 25 கிலோ பை. மொத்தம் 220 கிலோ. இதில் 200 கிலோ பின்சக்கரங்களுக்குப் போகிறது என்று வைத்துக்கொண்டால், ஒரு பக்கத்துக்கு 100 கிலோ. காயில்ஓவர் விற்பவர்கள் '4 கே', '8 கே' என்று ஸ்பிரிங்கின் பலத்தைச் சொல்வார்கள். 4 கே என்றால் அந்த ஸ்பிரிங்கை 1 மில்லிமீட்டர் அமுக்க 4 கிலோ வேண்டும் என்று அர்த்தம். ஸ்பிரிங் சக்கரத்துக்குப் பக்கத்திலேயே நேராக நிற்கிறது என்று எடுத்துக்கொண்டால், 100 கிலோவுக்கு 4 கே ஸ்பிரிங் 25 மில்லிமீட்டர் இறங்கும். 8 கே ஸ்பிரிங் 12.5 மில்லிமீட்டர் இறங்கும்.

இப்போது டேம்பர் திருகை எத்தனை கிளிக் சுற்றினாலும் இந்த 25 மில்லிமீட்டர் 20 ஆகப் போவதில்லை. இறங்குவது கொஞ்சம் மெதுவாக நடக்கும், அவ்வளவுதான். ஆள் ஏறினால் வண்டி இறங்குகிறதே என்பது உங்கள் கவலையானால், மருந்து ஸ்பிரிங்கில் இருக்கிறது. இறங்கிய பிறகு நிற்காமல் மேலும் கீழும் ஆடிக்கொண்டே வருகிறதே என்றால்தான் டேம்பர்.

உங்க காரில் இது இருக்கிறதா?

இதை முதலில் உறுதி செய்துகொள்ளுங்கள். நம்ம ஊர் சாலைகளில் ஓடுகிற பெரும்பாலான சிறிய கார்களில் முன்பக்கம் ஸ்ட்ரட், பின்பக்கம் டார்ஷன் பீம். ஸ்விஃப்ட், பலேனோ, ஐ20 எல்லாம் இந்த வகை. இவற்றின் பின்பக்கத்தில் ஸ்பிரிங் ஓரிடத்திலும் ஷாக் ஓரிடத்திலும் தனித்தனியாக நிற்கும். இந்தக் கார்களுக்குக் 'காயில்ஓவர் கிட்' என்று விற்கப்படும் பெட்டியைத் திறந்தாலும், முன்பக்கத்துக்கு மட்டும்தான் உண்மையான காயில்ஓவர் இருக்கும். பின்பக்கத்துக்குத் தனி ஸ்பிரிங், உயரம் மாற்ற ஒரு திருகு மேடை, தனி டேம்பர் என்று வரும்.

பழைய மாருதி எஸ்டீம் மாதிரி சில கார்களில் பின்சக்கரத்துக்கும் ஸ்ட்ரட்தான். ஸ்பிரிங்கும் டேம்பரும் ஒன்றாகவே நிற்கும். மஹிந்திரா தாரின் விவரப் பட்டியலில் பின்பக்கத்துக்குக் 'காயில் ஓவர் டேம்பர்' என்றே போட்டிருக்கும். ஆனால் அந்தப் பெயர் இருப்பதால் மட்டும் திருகுகிற வசதியும் இருக்கும் என்று நினைத்துவிட வேண்டாம். கம்பெனியிலிருந்து வருகிற ஷாக்குகளில் பெரும்பாலானவை மூடி முத்திரையிட்டவை. உள்ளே என்ன அளவு வைத்தார்களோ அதுதான்.

எக்ஸ்.யூ.வி.700 போன்ற சில வண்டிகளில் சாலையின் அதிர்வுக்கு ஏற்ப டேம்பர் தானாகவே மாறிக்கொள்ளும். விலை கூடிய சில கார்களில் கம்ப்யூட்டரே அதைப் பார்த்துக்கொள்ளும். இவற்றிலும் கையால் திருக இடம் இல்லை.

இருக்கிறதா இல்லையா என்று பார்க்க எளிய வழி: வண்டியைச் சமதளத்தில் நிறுத்தி, பின்சக்கரத்துக்கு உள்பக்கமாக டார்ச் அடித்துப் பாருங்கள். டேம்பர் குழாயின் வெளிப்பக்கம் போல்ட் மாதிரி மரை போட்டு, அதில் இரண்டு வளையங்கள் இருந்தால் உயரம் மாற்றக்கூடிய வகை. உச்சியிலோ அடியிலோ சின்னக் குமிழ் அல்லது ஆலன் கீ நுழைகிற ஓட்டை இருந்தால் டேம்பரும் மாற்றக்கூடியது.

பின்பக்கத் திருகு எங்கே ஒளிந்திருக்கிறது?

முன்பக்கத் திருகைக் கண்டுபிடிப்பது சுலபம். பானெட்டைத் தூக்கினால் இரண்டு ஓரத்திலும் ஸ்ட்ரட்டின் தலை தெரியும். பின்பக்கம் அப்படி இல்லை. ஷாக்கின் தலை முடிகிற இடத்துக்கு மேலே சீட், ஃபோம், பிளாஸ்டிக் மூடி, கார்பெட் என்று எல்லாவற்றையும் போட்டு அழகாக மறைத்திருப்பார்கள். அதனால் பின்பக்க வேலையில் திருகுவதற்கு ஒரு நிமிடமும் அதைத் தேடி எடுப்பதற்கு ஒரு மணி நேரமும் ஆகும். பொதுவாக நான்கு இடங்களில் ஒன்றில் அது இருக்கும்.

முதலாவது, டிக்கியின் பக்கவாட்டு மூடிக்குப் பின்னால். கார்பெட்டை விலக்கி, பிளாஸ்டிக் கிளிப்புகளைக் கழற்றினால் ஒரு ரப்பர் மூடி தெரியும். அதற்குக் கீழே ஷாக்கின் தலை.

இரண்டாவது, பின்சீட்டின் ஓரத்தில். சீட் முதுகை மடக்கி, பக்கவாட்டுத் திண்டைக் கழற்ற வேண்டியிருக்கும்.

மூன்றாவது, சக்கரத்துக்கு மேலுள்ள வளைவில். உள்ளே வழியே இல்லாமல், வெளியிலிருந்து சக்கரத்தைக் கழற்றி, பிளாஸ்டிக் லைனரை விலக்கித்தான் எட்ட முடியும். டார்ஷன் பீம் கார்கள் பலவற்றில் இந்தக் கதைதான்.

நான்காவது, டேம்பரின் அடிமுனையில். சில கிட்களில் திருகைக் கீழேயே வைத்திருப்பார்கள். மூடியைக் கழற்றும் வேலை மிச்சம். ஆனால் மழையும் சேறும் நேராக அங்கேதான் அடிக்கும்.

மாட்டும்போதே யோசித்துவிட்டால் பின்னால் இந்தத் தொல்லை இல்லை. உச்சியில் திருகு உள்ள டேம்பர்களுக்கு வளைந்து போகிற நீட்டிப்புக் கம்பி தனியாகக் கிடைக்கிறது. அதன் ஒரு முனையைத் திருகில் மாட்டி, மறுமுனையை டிக்கிக்குள் கொண்டுவந்துவிடலாம். ஆனால் பிளாஸ்டிக் மூடியில் ஓட்டை போடும் முன், பின்னால் ஒயர் எதுவும் போகவில்லை என்று பார்த்துக்கொள்ளுங்கள். பார்க்காமல் ஓட்டை போட்டு, ஒயரை அறுத்துக்கொண்டு நிற்பவர்கள் உண்டு.

கை வைக்கும் முன் மூன்று எச்சரிக்கைகள்

ஒன்று, நடு நட். ஷாக்கின் தலையில் சுற்றிலும் இரண்டு அல்லது மூன்று சின்ன நட்டுகள் இருக்கும். அவை ஷாக்கை பாடியோடு பிடித்திருப்பவை. நடுவில் ஒரு பெரிய நட் இருக்கும். அது அமுங்கிய ஸ்பிரிங்கை அடக்கி வைத்திருப்பது. திருகு இந்த நடு நட்டின் உச்சியிலேயே இருப்பதால், தெரியாமல் ஸ்பானர் போட்டுச் சுற்றிவிடும் வாய்ப்பு அதிகம். அமுங்கிய நிலையில் அது கழன்றால் ஸ்பிரிங் வெடித்துக் கிளம்பும், உயிருக்கே ஆபத்து. ஸ்பிரிங் கம்ப்ரஸர் இல்லாமல் நடு நட்டைத் தொடவே கூடாது. கிளிக்கை மாற்ற விரல் போதும், அல்லது சின்ன ஆலன் கீ. பெரிய ஸ்பானர் தேவைப்படுகிறது என்றால் நீங்கள் தவறான இடத்தில் கை வைத்திருக்கிறீர்கள்.

இரண்டு, ஏர்பேக். புதிய கார்களில் பக்கவாட்டு, கர்ட்டன் ஏர்பேக்குகள் பின்சீட் ஓரத்திலும் பின்தூண் மூடிக்குள்ளும் இருக்கின்றன. சீட்பெல்ட்டை இழுத்துப் பிடிக்கிற வெடிமருந்துக் கருவியும் அதே பக்கம் இருக்கலாம். ஏர்பேக் என்று எழுதியுள்ள மூடியைக் கழற்ற வேண்டிவந்தால், பேட்டரி நெகட்டிவைக் கழற்றி, கையேட்டில் சொன்ன நேரம் காத்திருந்து தொடங்குங்கள். மஞ்சள் நிற கனெக்டரை இழுக்காதீர்கள். ஹைப்ரிட், எலெக்ட்ரிக் கார் என்றால் ஆரஞ்சு நிற ஒயர்கள் போகும் பக்கமே போக வேண்டாம். இந்த வகை கார்களில் சர்வீஸ் சென்டரை நாடுவதே நல்லது.

மூன்று, ஜாக்கி. வண்டியோடு தருகிற ஜாக்கி ஸ்டெப்னி மாற்றத்தான். அதை மட்டும் நம்பி வண்டிக்கு அடியில் தலையையோ கையையோ நீட்டக் கூடாது. சமதளமான சிமென்ட் தரை, முன்சக்கரங்களுக்கு இரண்டு பக்கமும் கட்டை, வண்டி கியரில், பாடிக்கு அடியில் கம்பெனி சொன்ன இடத்தில் ஸ்டாண்டு. இத்தனையும் இருந்தால் மட்டும் சக்கரத்தைக் கழற்றுங்கள். மண் தரையில் ஸ்டாண்டு புதையும்.

கிளிக் எண்ணுவது எப்படி?

ஷாக்கோடு வந்த கையேட்டைப் பாருங்கள். மொத்தம் எத்தனை கிளிக், எந்தப் பக்கம் சுற்றினால் இறுகும் என்று அதில் இருக்கும். பெரும்பாலும் கடிகாரம் சுற்றும் திசையில் சுற்றினால் இறுகும்.

1. மெதுவாக இறுகும் திசையில் நிற்கும்வரை சுற்றுங்கள். நின்றதும் விட்டுவிடுங்கள். பலம் போட்டால் உள்ளே இருக்கிற ஊசி வால்வு கெட்டுவிடும்.

2. அந்த இடம்தான் பூஜ்யம். அங்கிருந்து எதிர்ப்பக்கம் ஒவ்வொரு கிளிக்காக எண்ணித் திறந்து வாருங்கள். மொத்தம் 24 கிளிக் என்றால் 12-ல் நிறுத்துங்கள். கம்பெனி வேறு எண்ணைச் சொல்லியிருந்தால் அதில் தொடங்குங்கள்.

3. அடுத்த பக்கத்துக்கும் அதே எண். பின்பக்கம் இடதும் வலதும் ஒரே கிளிக்கில் இருக்க வேண்டும். ஒரு பக்கம் 12, மறுபக்கம் 8 என்று இருந்தால் திடீரென பிரேக் அடிக்கும்போது வண்டி ஒரு பக்கமாக இழுக்கலாம்.

4. தேதி, கிளிக் எண், டயர் காத்து, எத்தனை பேர் ஏறினார்கள் என்பதை ஒரு நோட்டில் எழுதுங்கள்.

5. ஒரு தடவைக்கு இரண்டு கிளிக் மட்டும் மாற்றுங்கள். ஒரு நேரத்தில் முன்பக்கம் அல்லது பின்பக்கம், ஏதாவது ஒன்றை மட்டும் மாற்றுங்கள். இரண்டையும் சேர்த்து மாற்றினால் எது என்ன செய்தது என்று தெரியாது.

பந்தயக் களத்தில் இருப்பவர்களுக்கு இந்த நோட்டு பழக்கம் புதிதல்ல. சென்னைக்கு அருகே இருங்காட்டுக்கோட்டையில், மெட்ராஸ் மோட்டார் ஸ்போர்ட்ஸ் கிளப் நடத்தும் பந்தயத் தடத்தில் ஓடும் அணிகள் ஒவ்வொரு சுற்றுப் பயிற்சிக்குப் பிறகும் கிளிக்கையும் காத்தையும் குறித்துவைத்துத்தான் அடுத்த மாற்றத்தைச் செய்கின்றன. ஆனால் அங்கே பள்ளம் இல்லை, வேகத்தடை இல்லை, பின்சீட்டில் பாட்டியும் இல்லை. பந்தயக்காரர் வைத்த எண்ணை அப்படியே நம்ம வண்டிக்குக் காப்பியடிப்பதில் அர்த்தம் இல்லை.

சரியாக இருக்கிறது என்று எப்படித் தெரியும்?

தினமும் போகிற ஒரே சாலையில், ஒரே வேகத்தில், போக்குவரத்து குறைந்த நேரத்தில் ஓட்டிப் பாருங்கள். டயர் குளிர்ந்திருக்கும்போது காத்து பிடித்திருக்க வேண்டும். பின்சீட்டில் ஒருவரை உட்காரச் சொல்லுங்கள். ஓட்டுபவரைவிட அவர் சொல்வதுதான் இங்கே முக்கியம்.

வேகத்தடையைத் தாண்டிய பிறகு பின்பக்கம் ஒருமுறை எழுந்து, இறங்கி, அடங்கிவிட்டால் சரி. இரண்டு மூன்று தடவை தொட்டில் மாதிரி ஆடினால் டேம்பர் மென்மையாக இருக்கிறது. இரண்டு கிளிக் இறுக்கலாம். எழும்போதே 'டக்' என்று வெட்டி இழுத்து, சின்னக் கல்லுக்குக்கூட முதுகில் அடித்தால் இறுக்கம் அதிகம். இரண்டு கிளிக் தளர்த்துங்கள். ஏறும்போது 'டமார்' என்று அடிவாங்கினால் ஸ்பிரிங் முழுக்க அமுங்கி, ரப்பர் பம்ப் ஸ்டாப்பில் இடிக்கிறது என்று அர்த்தம். அது எடை விஷயம். கிளிக்கை மாற்றித் தீர்க்க முடியாது.

வேகத்தடைக்கு இந்தியச் சாலைக் காங்கிரஸ் ஓர் அளவு வைத்திருக்கிறது: 3.7 மீட்டர் அகலம், நடுவில் 10 சென்டிமீட்டர் உயரம். நம்ம ஊரில் பல இடங்களில் அது வெறும் ஒரு கோடு மாதிரி குறுகி, செங்குத்தாக நிற்கிறது. அந்த மாதிரி மேட்டில் எந்த ஷாக்காக இருந்தாலும் தூக்கித்தான் போடும். அங்கே வேகத்தைக் குறைப்பதுதான் வழி.

முழுக்க டைட் வைத்தால் என்ன ஆபத்து?

ஒற்றைத் திருகு உள்ள பெரும்பாலான டேம்பர்களில் அது முக்கியமாக மாற்றுவது, அமுங்கிய ஸ்பிரிங் திரும்ப நீள்கிற வேகத்தை. இதற்கு ரீபவுண்ட் என்று பெயர். முழுக்க இறுக்கினால் ஸ்பிரிங் நீள்வது மிக மெதுவாகிவிடும்.

இப்போது திண்டிவனம் - கிருஷ்ணகிரி தேசிய நெடுஞ்சாலை மாதிரி ஒரு சாலையில், ஊருக்குள் நுழையும் முன் வரிசையாகப் போட்டிருக்கும் வெள்ளைப் பட்டை மேடுகளை நினைத்துக்கொள்ளுங்கள். 60 கிலோமீட்டர் வேகத்தில் கார் நொடிக்குச் சுமார் 16.7 மீட்டர் போகிறது. பட்டைகளுக்கு நடுவே அரை மீட்டர் இடைவெளி என்று வைத்தால், ஒரு நொடியில் 33 இடி. முதல் இடியில் அமுங்கிய ஸ்பிரிங் திரும்ப நீள்வதற்குள் அடுத்த இடி வந்துவிடுகிறது. அது கொஞ்சம், இது கொஞ்சம் என்று சேர்ந்து வண்டியின் பின்பக்கம் கீழே கீழே இறங்கிக்கொண்டே போகும். சக்கரமோ மேட்டிலிருந்து பள்ளத்துக்குள் இறங்க நேரமில்லாமல் தரையை விட்டு மிதக்கும்.

அந்தப் பட்டைகளை எங்கே போடுகிறார்கள்? பள்ளிக்கூடம், கூட்ரோடு, வளைவு. அதாவது நீங்கள் பிரேக் அடிக்க வேண்டிய இடத்தில். தரையைத் தொடாத டயரால் பிரேக் பிடிக்க முடியாது. மழைநேரத்தில் முன்பக்கம் மென்மை, பின்பக்கம் மட்டும் கல் மாதிரி இறுக்கம் என்று இருந்தால், வளைவில் பின்பக்கம் வழுக்கிச் சுழலவும் செய்யும். பந்தய ஓட்டுநர் அதைச் சமாளித்துவிடுவார். குடும்பத்தோடு கோயிலுக்குப் போகிறவருக்கு அது விபத்து.

ஆள் ஏறும் நாளுக்கு என்ன செய்யலாம்?

முதல் மருந்து இலவசம். ஓட்டுநர் கதவைத் திறந்தால் தூணில் ஒட்டியிருக்கும் ஸ்டிக்கரில் டயர் காத்து அளவு இருக்கும். பல கார்களில் ஆள் குறைவாக இருக்கும்போது ஓர் அளவும், முழுப் பாரத்துக்குப் பின்சக்கரத்தில் கூடுதல் அளவும் போட்டிருப்பார்கள். முழுப் பாரத்தில் போகும் நாளில் அந்த அளவை வைத்துப் பாருங்கள். ஆட்டத்தில் ஒரு பகுதி இதிலேயே குறைந்துவிடும்.

இரண்டாவது, ஹெட்லைட். பின்பக்கம் இறங்கினால் முன்பக்க வெளிச்சம் மேலே தூக்கி, எதிரே வருபவரின் கண்ணைக் கூசவைக்கும். ஸ்டீயரிங் பக்கத்தில் 0, 1, 2, 3 என்று ஒரு சின்னச் சக்கரம் இருந்தால், முழுப் பாரத்தில் அதைப் பெரிய எண்ணுக்குத் திருப்பி வெளிச்சத்தைக் கீழே இறக்குங்கள்.

மூன்றாவது, உண்மையான காயில்ஓவர் இருந்தால், சி-ஸ்பானரால் கீழ் வளையத்தை ஏற்றி உயரத்தைச் சரிசெய்யலாம். பைக்கில் ஸ்டெப் ஏற்றுவதற்குச் சமமான வேலை இதுதான். பூட்டு வளையத்தைத் தளர்த்தும் முன் மரையில் ஒட்டிய செம்மண்ணைப் பிரஷ் போட்டுத் துடைத்து, துருநீக்கி ஸ்ப்ரே அடித்து ஊறவிடுங்கள். மண்ணோடு சுற்றினால் அலுமினிய மரை தின்றுவிடும். அடிப்பாகத்தைத் திருகி உயரம் மாற்றும் வகை என்றால் கணக்கே வேறு. அதில் ஸ்பிரிங்கின் அழுத்தம் மாறாமல் உயரம் மட்டும் மாறும்.

உயரத்தை மாற்றினால் கூடவே மூன்று வேலைகள் உண்டு. வீல் அலைன்மென்ட் பார்க்க வேண்டும். பிரேக் ஹோஸ் இழுபடாமலும் உரசாமலும் இருக்கிறதா என்று பார்க்க வேண்டும். ரப்பர் புஷ் உள்ள போல்ட்டுகளைத் தளர்த்தியிருந்தால், சக்கரம் தரையில் நின்று வண்டியின் எடை இறங்கிய பிறகுதான் கடைசியாக டைட் செய்ய வேண்டும். சக்கரம் தொங்கும்போதே டைட் செய்தால் ரப்பர் எப்போதும் முறுக்கிய நிலையிலேயே இருந்து சீக்கிரம் கிழிந்துவிடும். சில பழைய வண்டிகளில் பின்பாரத்தைப் பார்த்துப் பின்பிரேக்கின் அழுத்தத்தைக் கூட்டிக் குறைக்கிற வால்வு ஒன்று ஆக்ஸிலோடு இணைந்திருக்கும். பின்பக்க உயரத்தை மாற்றினால் அந்த வால்வு ஏமாந்துவிடும். அதையும் சரிசெய்ய வேண்டும்.

இன்னொன்று: ஷாக்கின் உடம்பில் எண்ணெய் கசிந்து தூசி அப்பியிருந்தால், அல்லது புஷ் தேய்ந்து 'கட கட' என்று சத்தம் வந்தால், எந்தத் திருகும் உதவாது. ஷாக்கை ஜோடியாக மாற்றுவதுதான் வழி.

சட்டம் என்ன சொல்கிறது?

கம்பெனி கொடுத்த திருகைக் கையேட்டில் சொன்ன அளவுக்குள் மாற்றுவது பராமரிப்பு. வெளியில் வாங்கிய கிட்டை மாட்டி வண்டியின் அமைப்பை மாற்றுவது வேறு விஷயம். மோட்டார் வாகனச் சட்டத்தின் 52-வது பிரிவு, பதிவுச் சான்றில் உள்ள விவரங்கள் தயாரிப்பாளர் முதலில் குறிப்பிட்டதிலிருந்து மாறும்படி வண்டியை மாற்றக் கூடாது என்கிறது. 2019 ஜனவரியில் உச்ச நீதிமன்றமும் இதை உறுதி செய்தது. அதே ஆண்டு வந்த சட்டத் திருத்தத்தின்படி, அனுமதியில்லாத மாற்றம் செய்த உரிமையாளருக்கு ஆறு மாதம் வரை சிறை, அல்லது ஒவ்வொரு மாற்றத்துக்கும் 5,000 ரூபாய் அபராதம், அல்லது இரண்டும் விதிக்கலாம்.

ஆகவே கிட் வாங்கும் முன்பே உங்கள் ஆர்.டி.ஓ. அலுவலகத்திலும் இன்சூரன்ஸ் கம்பெனியிலும் எழுத்தில் கேட்டுவிடுங்கள். "எல்லாரும் மாட்டறாங்க சார்" என்று கடைக்காரர் சொல்வது விபத்துக்குப் பிறகு க்ளெய்ம் கேட்கும்போது உதவாது. சஸ்பென்ஷனை மாற்றியதால் வாரன்டி போகுமா என்பதையும் ஷோரூமில் கேட்டுவிடுவது நல்லது.

சுருக்கமாக

பின்பக்கம் தூக்கிப் போட்டால் முதலில் டயர் காத்தைப் பாருங்கள். பிறகு ஷாக்கில் எண்ணெய் கசிவு, புஷ் தேய்மானம். வண்டி இறங்குகிறது என்றால் ஸ்பிரிங். ஆடுகிறது என்றால் டேம்பர். திருகு இருந்தால் நடுவில் வைத்துத் தொடங்கி, இரண்டு பக்கமும் ஒரே எண்ணில், இரண்டிரண்டு கிளிக்காக நகருங்கள். நடு நட்டைத் தொடாதீர்கள். அடுத்த பௌர்ணமிக்குக் கிளம்பும் முன்தினம் மாலை அவசரமாகச் செய்கிற வேலை இல்லை இது. ஒரு வாரம் முன்னாலேயே செய்து, வெறும் வண்டியாக ஒரு தடவையும் ஆள் ஏற்றி ஒரு தடவையும் ஓட்டிப் பார்த்துவிட்டுக் கிளம்புங்கள்.